ஐந்து நிமிடம் பேசக் கூடாது

மேலே நூற்று எண்பத்திரண்டு, கீழே நூற்றுப் பத்து.

ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றிய பட்டையை அவிழ்ப்பதற்குள் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"மாத்திரை போடுறீங்களா இல்லையாக்கா?"

அவர் பைக்குள் கையை விட்டு மூன்று மாத்திரை அட்டைகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். மூன்றும் காலி. பத்துப் பத்தாக முப்பது குழிகள், ஒன்றில்கூட மாத்திரை இல்லை.

அது நான் போட்ட சட்டம். காலி அட்டையைக் காட்டினால்தான் அடுத்த மாதத்து மாத்திரை. இங்கே வருகிறவர்கள் எனக்குக் 'கறார் சிஸ்டர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் காதுபடவே சொல்வார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

இந்த அக்கா குழந்தைகள் காப்பகத்தில் ஆயா. ஒரே அறையில் பதினான்கு தொட்டில்கள். மதியம் எல்லாக் கைக்குழந்தைகளையும் தூங்க வைக்க வேண்டும், அதுதான் வேலை. வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருவர்தான்.

பக்கத்து அறைக்குப் போய் டாக்டரிடம் அளவைச் சொன்னேன். அட்டை காலிதானே என்று கேட்டார். காலிதான் என்றேன்.

"அப்ப இந்த மருந்து போதல. ரெண்டு மடங்காக்கிடலாம். எதுக்கும் இன்னொரு தடவை பாத்துட்டு வாங்க."

இரண்டாவது தடவை அளப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதுகை நன்றாகச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். பேசினாலும் இருமினாலும் அளவு எகிறிவிடும். அதைச் சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டப் போனார். பட்டை சுற்ற வேண்டுமென்று நான் ஒரு கையைப் பிரித்து மேசைமேல் வைத்தேன். மற்றொரு கை மடியில் கிடந்தது. மின்விசிறி ஓடியது. வெளியே காத்திருந்தவர்களில் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, என் முகத்தைக் கண்டதும் தலையை இழுத்துக்கொண்டார்.

மூன்றாவது நிமிடத்தில் எனக்கு என்னவோ போல் இருந்தது. இந்த அறை இவ்வளவு அமைதியாக இருக்கக் கூடாதே.

போன மாதம் இதே நாற்காலியில் இவரால் ஒரு நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. வறட்டு இருமல். சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது, சும்மா கக் கக் என்று. அவரால் நான் நான்கு தடவை அளக்க வேண்டியதாயிற்று.

இன்று ஒரு தடவைகூட இருமவில்லை.

அந்த மாத்திரைக்கு அப்படி ஒரு குணம் உண்டு. சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். எந்த டானிக்குக்கும் அடங்காது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் தானாகப் போய்விடும். நர்ஸ் படிப்பில் நான் பரீட்சைக்கு எழுதிய பதில்தான் இது.

"இருமல் எப்படிக்கா இருக்கு?"

பேசக் கூடாது என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அவர் மடியில் இருந்த கையை மட்டும் தூக்கி, போயே போய்விட்டது என்று காட்டினார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அடுத்த நொடி, நான் எதற்காகக் கேட்டேன் என்பது அவருக்கு உறைத்தது. கையை இறக்கிக்கொண்டார்.

பிறகு பைக்குள்ளிருந்து ஒரு பழைய பவுடர் டப்பாவை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். உள்ளே முப்பது மாத்திரைகள். தினமும் காலையில் ஒன்றாக அட்டையிலிருந்து பிதுக்கிப் போட்டிருக்கிறார். தூக்கி எறிய மனம் வரவில்லையாம், யாருக்காவது ஆகும் என்று கொண்டுவந்திருக்கிறார்.

"நான் இருமுனா ஒரு புள்ள முழிச்சுக்குது சிஸ்டர். ஒண்ணு அழுதா பதினாலும் அழும். இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வேற ஆளு பாத்துக்குறோம்னு சொல்லிட்டாங்க."

இந்த அளவு ரத்த அழுத்தத்தோடு ஒரு மாதமாகப் பச்சைக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். எங்கேயாவது தலை சுற்றி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

டப்பாவையும் அவரையும் டாக்டரிடம் அழைத்துப் போனேன். பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்ட மிடுக்கு என் நடையில் இருந்திருக்கும். டாக்டர் கேட்டுவிட்டு, எழுதியிருந்ததை அடித்தார். வேறு மாத்திரை ஒன்றை எழுதினார். இதில் அந்த இருமல் பெரும்பாலும் வராது, இரண்டு வாரத்தில் வந்து காட்டுங்கள் என்றார். அரை நிமிட வேலை.

பிறகு பேனாவை மூடிக்கொண்டே கேட்டார். "ஏம்மா, இதை அப்பவே சொல்லியிருக்கலாமே?"

அக்கா என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான்.

"மறந்துட்டேன் டாக்டர்."

அவருடைய கார்டு என் கையில் இருந்தது. போன மாதத்து வரிசையில் 'மருந்தால் தொந்தரவு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று இருந்தது. கையெழுத்து என்னுடையது.

"அவங்க மறக்கல டாக்டர்," என்றேன்.

போன மாதம் அந்த நாற்காலியில், இருமலுக்கு நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு, இரண்டு தடவை சொன்னார். இந்த மாத்திரை ஆரம்பித்ததிலிருந்துதான் சிஸ்டர் இப்படி என்று. நான் பட்டையைச் சுற்றிக்கொண்டே, பேசக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.