பதினொரு செகண்ட்

அணித் தேர்வுக்கு மூவாயிரம் மீட்டரைப் பதினொரு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். டைபாய்டில் படுத்து எழுந்த கனகம், ஞாயிறுதோறும் விடிந்ததும் மெட்டுகுடா ரயில்வே மைதானத்தில் தனியாக ஓடிப் பார்த்தாள். கணவர் துரைராஜ் கடிகாரத்தோடு முடிவுக் கோட்டருகே நிற்பார். பக்கத்துக் கல்லில் ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீர் இருக்கும்.

இன்று அவள் கோட்டைத் தாண்டியதும், "பத்து நிமிஷம் ஐம்பத்தொம்பது செகண்ட்," என்றார். "முன்னாடி வந்தது பத்து நாப்பத்தெட்டு."

பத்து நாற்பத்தெட்டு, காய்ச்சலுக்கு முன்பு அவள் ஓடிய நேரம். போன வாரமும் அவர் இப்படிச் சொன்னதால் கடிகாரத்தைப் பழுது பார்த்து வாங்கியிருந்தார்கள்.

"முன்னாடி வந்தது நானா?"

"ஹவ்," என்று தலையாட்டினார். "நீதான். அதே நீளப் பின்னல். தண்ணியக் குடிச்சிட்டு நிக்காம போயிட்ட."

கனகம் முடி கொட்டிப்போன தலையைத் தடவிக்கொண்டாள். டம்ளர் காலியாக இருந்தது. விளிம்பில் ஈரம் காயவில்லை.

"போன வாரம் எவ்வளவு வித்தியாசம்?"

"இருபது செகண்ட்."

இன்று பதினொன்றுதான். அவளுக்கு நெஞ்சு லேசாயிற்று.

"அடுத்த வாரம் ரெண்டு டம்ளரா எடுத்துட்டு வாங்க," என்றாள். "சேர்ந்தே வந்துடுவோம்."