நுனித் துண்டு

"காய் கசந்துச்சா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

டிரைவர் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "வாய்ப்பே இல்ல டாக்டர். நுனியை நறுக்கி வாயில போட்டுப் பாக்காம அம்மா சுரைக்காய அடுப்புல ஏத்தவே மாட்டாங்க."

கசந்த சுரைக்காய் விஷம் என்றார் டாக்டரம்மா. அதுதான் காரணமென்றால் உடனே அதற்கான வேலையைத் தொடங்கிவிடலாம். இல்லையென்றால் வேறு எதையாவது தேட வேண்டும், தேட நேரமில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் மனைவி படுத்திருந்தாள். மதியம் சாப்பிட்ட அரை மணியில் வாந்தி தொடங்கியது. மூன்று மணிக்கு அது ரத்தமாக வந்தது.

டிரைவர் தன் நகக்கண்ணில் இருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றதால் அந்தப் பெயர். நாலு வருடமாக அவர் ஓட்டுவது மண்வெட்டி மட்டும்தான். வீட்டுக்குப் பின்னால் ஐந்து பாத்தி, ஒரு கிணறு, ஒரு பந்தல்.

முப்பது வருடம் பஸ் ஓட்டியவரை ஒரு பயணி கூடப் பாராட்டியதில்லை. பிரேக் போட்டால் திட்டுவார்கள், போடாவிட்டாலும் திட்டுவார்கள். தோட்டத்திலாவது நல்ல பேர் வாங்கலாம் என்று பார்த்தார்.

மனைவி அவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிடவில்லை. முதல் வருடத்து முள்ளங்கியை விறகுக்கு ஆகும் என்றாள். இரண்டாம் வருடத்துக் கத்தரிக்காயை மாடு கூட முகர்ந்துவிட்டுப் போய்விடும் என்றாள். மூன்றாம் வருடம் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள், அதையே அவர் பெரிய விருதாக எடுத்துக்கொண்டார்.

இந்த வருடம் பனிக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு வாரம் எழுந்திருக்கவில்லை.

எழுந்த பிறகு ஆளே மாறிவிட்டாள்.

கீரை தேவலை என்றாள். தக்காளி இனிக்கிறது என்றாள். முற்றிப்போன அவரைக்காயைக் கூட, நன்றாகத்தான் இருக்கிறது, போய் இன்னும் கொஞ்சம் பறித்து வாருங்கள் என்றாள். டிரைவருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷம் கோடை தொடங்கும்வரைதான்.

ஒருநாள் காலை சமையலறை வாசலில் நின்றவர், அவள் காப்பியில் சர்க்கரை டப்பாவுக்குப் பதிலாக உப்பு டப்பாவைத் திறந்து இரண்டு கரண்டி போடுவதைப் பார்த்தார். சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் குடிக்கத் தொடங்கிவிட்டாள். நிதானமாக, கடைசிச் சொட்டு வரை குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அவர் சத்தமில்லாமல் பின்வாங்கித் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

காய்ச்சல் அவள் நாக்கைக் கொண்டுபோய்விட்டது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, பெற்ற மகளிடம் கூட. இவரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவள் மனம் கஷ்டப்படும் என்று தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். உண்மை அதுவல்ல. தெரியும் என்று சொன்ன நாளோடு அந்தப் பாராட்டும் நின்றுவிடும்.

கோடை அந்த வருடம் ஈவு இரக்கம் பார்க்கவில்லை. கிணறு சேறானது. மிளகாய் கருகியது, அவரை கருகியது, கீரைப் பாத்தி வெடித்தது. சுரைக்கொடி ஒன்றுதான் மிஞ்சியது. பாத்திரம் கழுவிய தண்ணீர், கால் கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் வாளியில் சுமந்து அதன் தலையில் ஊற்றினார். பக்கத்து வீட்டுக்காரர், கொடிக்குக் குடை பிடிக்கவில்லையா என்று கேட்டார். மறுநாள் டிரைவர் பழைய வேட்டியைக் கட்டி நிழலும் செய்தார்.

மழை வந்ததும் பூத்தது. பிஞ்சுகள் ஒவ்வொன்றாக வெம்பி விழுந்தன. ஒன்றே ஒன்று நின்றது.

அதைத்தான் இன்று காலை அறுத்தார். சமையலறை மேடையில் வைத்து, எப்படி இருக்கிறதென்று பார் என்றார். அவள் வழக்கம்போல நுனியை நறுக்கி வாயில் போட்டு மென்றாள்.

"வெண்ணெய் மாதிரி இருக்குங்க. இந்த வருஷம் பட்ட பாட்டுக்கு இது போதும்."

மதியம் வயிறு சரியில்லை என்று அவர் மோர் மட்டும் குடித்தார். முதல் காய் வீணாகக் கூடாதென்று அவருடைய பங்கையும் அவளே சாப்பிட்டாள்.

டாக்டரம்மா கசப்பு இல்லை என்று எழுதிவிட்டுத் திரும்பினார்.

"டாக்டர்" என்றார் டிரைவர். டாக்டரம்மாவுக்குக் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டார்.

"கசந்துச்சு. அறுத்த உடனே தோட்டத்துலயே காம்புப் பக்கம் ஒரு துண்டு சீவிக் கடிச்சுப் பாத்தேன். வாயில வெக்க முடியல. துப்பிட்டேன்."

டாக்டரம்மா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். நர்ஸை உரக்கக் கூப்பிடுவது கேட்டது.

மகள் அவர் தோளில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

தெரிந்தும் ஏன் கொடுத்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். பாகற்காய் கசக்கவில்லையா, கசப்பு யாரை என்ன செய்துவிடும் என்று நினைத்ததைச் சொல்லியிருப்பார். வருடம் முழுக்க வளர்த்த ஒரே காயை யாராவது நன்றாயிருக்கிறது என்று சொல்லிக் கேட்க ஆசைப்பட்டதையும் சொல்லியிருப்பார்.

அப்படிச் சொல்லக்கூடிய நாக்கு அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது.