அறுபத்திரண்டு கையெழுத்து

வாசல் மணி அடித்ததும் ருக்கு கதவுத் துளை வழியே பார்த்தாள். ஹவுசிங் சொசைட்டி செயலாளர் ஜோதிலிங்கம் நின்றிருந்தார். ஒரு கையில் காகிதம், மறு கையில் தடி.

"ஏன்னா, உங்க டிரம்பெட் விவகாரம்தான். தடியோட வந்திருக்கார்!"

"இப்பத்தான் மெதுவா வாசிக்கறேனே!" என்றார் சேஷு. மத்திய அரசு வேலையிலிருந்து ரிடையரான கையோடு டிரம்பெட் வாங்கியவர் அவர். ஒரு மாதமாக, பழைய அமெரிக்க ஜாஸ் மேதை ஒருவரைக் கேட்டு மயங்கி, அவரைப் போலவே டிரம்பெட்டின் அகன்ற வாயில் சத்தத்தை அடக்கும் 'மியூட்' என்ற அடைப்பைச் செருகி, ரகசியம் பேசுவதுபோல வாசிக்கிறார்.

உள்ளே வந்த ஜோதிலிங்கம் காகிதத்தை நீட்டினார். "அறுபத்திரண்டு வீட்டுக்காரங்க கையெழுத்து சார். நீங்க இப்படி வாசிக்கிறத ஜல்தியா நிறுத்தணும்."

"மியூட் போட்டுமா கேக்கறது?"

"கேக்கலையே சார்! அதான் புகார். முன்னெல்லாம் உங்க சத்தத்துக்கே குரங்கெல்லாம் ஓடிடும். லங்கூர்னு கருமூஞ்சிக் குரங்கு மாதிரி கத்தி மத்த குரங்கை விரட்டுற ஆளைக்கூட, உங்க டிரம்பெட்டை நம்பித்தான் வேலைய விட்டு அனுப்பிட்டோம். இப்ப குரங்குக்குப் பயந்து தடி இல்லாம மாடிப்படி ஏற முடியல. அந்த அடைப்பைப் பிடுங்கிட்டுப் பழையபடி வாசிங்க."

சேஷுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அந்த மேதை இப்படி வாசிச்சுத்தான் உலகத்தையே தன் பக்கம் இழுத்தார், தெரியுமா?"

"உங்க பக்கமும் கூட்டம் வந்துதான் இருக்கு," என்று பால்கனியைக் காட்டினாள் ருக்கு.

கம்பியில் ஏழு குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து, அடுத்த உருப்படிக்காகக் காத்திருந்தன.