தனித்தனி கார்

"பொம்பளை வேலைக்குப் போனா வீடு உருப்படாது" என்று பதினைந்து வருடமாக டி.வி. விவாதங்களில் அடித்துப் பேசி, எதிரணியை ஓட ஓட விரட்டிய அம்மாளை, அன்று ஒரு புதுப் பெண் நேரலையில் மடக்கிவிட்டாள்.

"நீங்க இங்க பேசிட்டிருக்கீங்களே, உங்க வீட்ல இப்ப யார் சமைக்கிறாங்க?"

தயாரிப்பாளர் அவசர அவசரமாக நிகழ்ச்சியை முடிக்கச் சொல்லிச் சைகை காட்டினார். நிகழ்ச்சியே அந்த அம்மாளை நம்பித்தான் ஓடுகிறது. எதிரெதிர் அணிக்காரர்கள் வெளியே முட்டிக்கொள்ளக் கூடாது என்று அங்கே எப்போதும் தனித்தனி மேக்கப் அறை, தனித்தனி கார்.

விளக்குகள் அணைந்ததும் தயாரிப்பாளர் ஓடிவந்தார்.

"மன்னிச்சிடுங்கம்மா. அந்தப் பொண்ணு இனிமே இந்த வாசப்படியை மிதிக்க மாட்டா."

"வாரா வாரம் கூப்பிடுங்க." மைக்கைக் கழற்றிய அம்மாளின் முகமெல்லாம் பூரிப்பு. "எனக்குச் சரிக்குச் சரியா பேச ஒரு ஆள் வரமாட்டாளான்னு எத்தனை நாள் ஏங்கியிருக்கேன் தெரியுமா?"

"சரிம்மா. முதல்ல அவளைத் தனிக் கார்ல அனுப்பிட்டு..."

"எதுக்கு வீணா ரெண்டு கார்?"

அதற்குள் கதவைத் திறந்துகொண்டு அந்தப் பெண்ணே வந்து நின்றாள்.

"கிளம்பலாமா அத்தை? சமைச்சதெல்லாம் ஆறிப்போகுதுன்னு உங்க பிள்ளை ரெண்டு தடவை போன் பண்ணிட்டார்."