ஒரு பாலாடை நல்லதண்ணீர்

உப்பளத்தில் வேலை வேண்டுமென்றால் உப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். இசக்கியம்மாளும் போட்டுக்கொண்டாள். அதைப் போட்டதிலிருந்து மூன்று வருடமாகக் கடல்தண்ணீரைத்தான் மொண்டு குடிக்கிறாள். உடம்புக்கு ஒரு குறையுமில்லை. ஊசி போட்ட வீடுகளுக்கு நல்லதண்ணீர் லாரியை நிறுத்திவிட்டார்கள். பிள்ளை பிறக்கும்வரை அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை.

பிறந்த பிள்ளை மாரில் வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்து வீறிட்டது. பவுடர் பால் கரைக்க, ஊசி போடாத பக்கத்து வீட்டுக்காரி ஐந்து நாள் தண்ணீர் கொடுத்தாள். ஆறாம் நாள் கதவைத் திறக்கவில்லை.

இசக்கியம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உப்பளத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"உன் பால்ல அவ்வளவும் உப்பும்மா," என்றாள் நர்ஸ். "குடிச்சா பச்சப்பிள்ளைக்கு செல்லெல்லாம் சுருங்கிப்போகும்."

"அப்ப இவனுக்கும் ஊசியப் போட்டுருங்க சிஸ்டர்."

"போட்டா உன் பாலைக் குடிப்பான். ஆனா ஆயுசுக்கும் நல்லதண்ணி ஆகாது. குடிச்சா செல்லு ஊதி வெடிச்சிரும். இந்த உப்பளத்தை விட்டு எங்கயும் போக முடியாது. யோசிச்சுக்கோ."

யோசிக்க என்ன இருக்கிறது? பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை.

"போடுங்க."

மருந்தை ஏற்றிக்கொண்டு நர்ஸ் திரும்பியபோது இசக்கியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதுக்கு முன்னாடி ஒரு வாய் நல்லதண்ணி குடுங்க சிஸ்டர். எனக்கில்ல, அவனுக்கு."

நர்ஸ் தன் பாட்டிலிலிருந்து பாலாடையில் கொஞ்சம் ஊற்றிப் புகட்டினாள். பிள்ளை ஒரு சொட்டு சிந்தாமல் குடித்துச் சப்புக்கொட்டியது. தொடையில் ஊசி ஏறியபோதும், இன்னும் வேண்டுமென்று வாயைத் திறந்தபடியே இருந்தது.