எழுதத் திறந்த கோப்பு

"முதலாளி வாரதுக்குள்ள செத்த பாத்துச் சொல்லுங்க," என்று ஷீனா எழுந்து கணவனுக்கு நாற்காலியைத் தந்தாள்.

எபனேசர் உட்கார்ந்து திரையைப் பார்த்தான்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் அந்தக் கம்பெனியில் அவனுக்கு மூன்று வருட வேலை. அவளுக்கு ஆறு மாதம்தான். அதுவும் அவன் சொல்லி வாங்கிக் கொடுத்தது. இப்போது முதலாளி குருசாமி எதற்கெடுத்தாலும் ஷீனாவைக் கூப்பிடச் சொல்கிறார். பிரிண்டர் நின்றாலும் ஷீனா, நெட் போனாலும் ஷீனா.

தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவளை பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிடும் டிரைவராகத்தான் தான் மிஞ்சியிருப்பதை நினைத்து அவனுக்கு வயிறு எரிந்தது.

இன்று ஓட்டிக் காட்டப்போவது தறிக்கணக்கு எழுதும் புரோகிராம். அதை எழுதியவர்தான் இனி கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்பு என்று முதலாளி ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

எங்கேயும் பிசிறு இல்லாமல் எழுதியிருந்தாள். அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

கோப்பைத் திறக்கும் வரியில் கண் நின்றது. 'ரைட்' என்பதற்கு 'டபிள்யூ' போட்டிருந்தாள். எழுதத்தானே திறக்கிறோம் என்று நினைத்திருப்பாள். அப்படித் திறந்தால் உள்ளே இருக்கிற அத்தனையும் அழிந்துவிடும். 'ஏ' போட்டால்தான் பழையது அப்படியே இருக்க, புதியது அதன் அடியில் சேரும்.

வீட்டில் காலியான ஒரு கோப்பில் ஓட்டிப் பார்த்ததால் அவளுக்கு அது தெரியவில்லை.

இங்கே அந்தக் கோப்பில் இருப்பது மூன்று வருடத் தறிக்கணக்கு. அவனே தட்டித் தட்டி ஏற்றியது. நகல் எடுத்து வைக்கிற வழக்கம் அந்த ஆபீசில் யாருக்கும் கிடையாது.

போகட்டும். ஒரு தடவை எல்லார் முன்னாலும் மண்ணைக் கவ்வட்டும்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்று எழுந்துகொண்டான்.

முதலாளி வந்தார். கூடவே மேஸ்திரி மாரிசாமியும்.

ஓட்டிக் காட்டச் சொன்னதும் ஷீனா நாற்காலிக்குப் பின்னால் தள்ளி நின்றுகொண்டு கணவனைக் கைகாட்டினாள்.

"அவியளே ஓட்டட்டும் சார். இத எழுதுனது அவியதான். நான் டைப் மட்டுந்தான் அடிச்சேன்."

ராத்திரி சமையலை முடித்துவிட்டு அவள் லேப்டாப்பைத் திறக்கும்போதெல்லாம் எபனேசர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். இத்தனை நாளும் அவனுக்காகத்தான் எழுதியிருக்கிறாள்.

முதலாளி அவன் முதுகில் தட்டி நாற்காலியில் உட்கார வைத்தார்.

எதிரே அதே வரி.

டபிள்யூவை அழித்தான். ஏ போட்டான். மறைத்துச் செய்ய வழியில்லை. ஷீனா அவன் தோளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள்.

ஓட்டினான். பழைய கணக்கு ஒரு வரி குறையாமல் இருந்தது. இன்றைய கணக்கு அதன் அடியில் வந்து சேர்ந்தது. மாரிசாமி கை தட்டினார். திங்கள்கிழமையிலிருந்து அவன்தான் பொறுப்பு என்றார் முதலாளி.

"ஆமா, கடைசி நேரத்துல என்னத்தையோ மாத்துனியே, என்னது அது?" என்று அவரே கேட்டார்.

ஷீனா அந்த வரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்படியே ஓட்டியிருந்தா மூணு வருசக் கணக்கும் போயிருக்கும் சார்," என்று அவளே பதில் சொன்னாள். பிறகு, அவன் பக்கம் திரும்பாமலே சேர்த்துக்கொண்டாள்.

"அது அவியளுக்கு மொதல்லயே தெரியும்."