டிக்கியில் ஓர் ஐஸ் பெட்டி

ஜெயபிரியாவின் கணவனுடைய ஸ்போர்ட்ஸ் காரில் எஞ்சின் பின்பக்கம் இருந்தது. அதை ஒட்டிய டிக்கி அடுப்பு மாதிரி கொதித்தது.

"தாய்ப்பால் கொண்டுபோறேன் அண்ணாச்சி. ஐஸ் பெட்டியில வெச்சும், திருநெல்வேலி ஆஸ்பத்திரி போறதுக்குள்ள கெட்டுப்போவுது. சூட்டைக் குறைச்சுத் தாங்க."

தென்காசி மெக்கானிக் சுடலையாண்டி டிக்கிக்குள் வெப்பத் தடுப்புத் தகட்டை ஒட்டியபடி சிரித்தார். "பவுசுக்கு வண்டி வாங்கினா இப்படித்தான். அங்கன பச்சப்புள்ள பசியோட கெடக்கும். வீட்டுக்காரருதான ஓட்டுதாரு? பெட்டிய மடியில வெச்சுக்கிட்டாப் போச்சே, எம்மா!"

மடி என்றதும் அவள் கைகள் தாமாக வயிற்றின் குறுக்கே கோத்துக்கொண்டன.

"மடியில வெச்சுத்தான் எம் புள்ளையக் கொண்டுபோனேன் அண்ணாச்சி. ஆலங்குளம் தாண்டும்போதே உசிரு போயிட்டு. அப்புறம் மடியில எதையும் வைக்க முடியல. பால் மட்டும் நிக்கல. ஆஸ்பத்திரியில இருக்க மத்த பிள்ளைகளாவது குடிக்கட்டும்."